வீட்டுக்காரிக்குக் கதிரை இல்லை

போன சனிக்கிழமை கல்முனையில் நம் பெரிய எழுத்தாளர் வாழ்ந்த வீட்டுக்குப் போனேன். அவர் மௌத்தான பிறகு அதை நினைவு இல்லம் ஆக்கியிருக்கிறார்கள். உங்களில் பலரும் போயிருப்பீர்கள்.

முன் விறாந்தையில் அவருடைய மேசை, பேனா, மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் ஒரு சாய்மனைக் கதிரை, சுற்றிவரச் சிவப்புக் கயிறு. 'எழுத்தாளர் சிந்தித்த கதிரை' என்று அட்டை வேறு! வாசல் பலகையில் எழுத்தாளர் பெயர், கமிட்டித் தலைவர் பெயர்... பெயின்ட் வாங்கித் தந்தவர் பெயர்கூட இருக்கிறது.

அப்போது பின்கதவால் வயதான ஒரு பெண் வந்தார். முழங்காலைப் பிடித்தபடி கயிற்றை விலக்கி, அந்தக் கதிரையில் உட்காரப் போனார்.

"உம்மா, அதுல இரிக்கேலா! கமிட்டி ஏசும்" என்று காவல்காரர் ஓடி வந்தார்.

அந்தப் பெண் யார் தெரியுமா? எழுத்தாளரின் மனைவி!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமி, இது உங்கட ஊடில்லையா?" என்றேன்.

"ஓம் புள்ள. எங்கட வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. அவரு அட்டாளச்சேனையில இருந்து மாப்பிள்ளையா வந்தவரு. புள்ளைகள் வந்து அவர்ட புத்தகங்கள வாசிக்கட்டும் எண்டு முன்பக்கத்தக் குடுத்தன். இப்ப நான் பின்னால, அடுப்படிக் குசினிப் பக்கம்."

"அப்ப இந்தக் கதிரை?"

"அது என்ட கதிரை. அவரு மேசையிலதான் எழுதுவாரு. நான் இதுல இருந்து வாசிச்சிப் பிழை சொல்லுவன். அவருக்குக் கோவம் வரும்... பொறகு திருத்துவாரு."

இந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கமிட்டிக்கு மட்டும் மறந்துவிட்டதா? வீட்டைக் கொடுத்தவரின் பெயர் பலகையில் ஒரு மூலையில்கூட இல்லையே! அநியாயம் இல்லையா இது?

கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மேசையில் வைத்தேன். "இரிங்க மாமி." உட்கார்ந்தார். காவல்காரர் பாவம், வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

யார் சொன்னார்களோ, வீடு வந்து சேருவதற்குள் கமிட்டித் தலைவரின் டெலிபோன் கோல். "என்ன டீச்சர், பெரிய மனிசன்ட நினைவிடத்த இப்பிடி அவமதிக்கலாமா?"

"பலகையில மாமிட பேரப் போடுங்க, பொறகு கதைப்பம். அது சரி தலைவர், நீங்க இப்ப இருந்து கதைக்கிற ஊடு ஆர்ட?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலும் — அவர் மனைவி சிரித்தது மட்டும் தெளிவாகக் கேட்டது.