அவிழ்க்காத கட்டு

மேலூருக்குத் தெற்கே இரண்டு ஏக்கரில் நெல் போட்டுப் பிழைத்தவர் முத்திருளன். யாரையும் கடிந்து பேசாதவர். 1969 தை அறுப்பின்போது அவருடைய மகள் மாயக்காள் வைக்கோல் வண்டியின் உச்சியிலிருந்து கையை ஊன்றி விழுந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. இடது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் வந்து, முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். எட்டாம் நாள் தாமே அவிழ்ப்பதாகவும், அதற்குள் யார் தொட்டாலும் எலும்பு விலகிவிடும் என்றும் சொல்லிப் போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் விரல்கள் வீங்கி மரத்துப் போயின. பிள்ளை கதறினாள். தாய் இருளாயி அரிவாளோடு கட்டை அறுக்கப் போனாள். முத்திருளன்தான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். மூன்றாம் நாள் வலி நின்றது. எலும்பு கூடிவிட்டது என்று அவருக்கு நிம்மதி. எட்டாம் நாள் அவிழ்த்தபோது எலும்பு சரியாகத்தான் இருந்தது, விரல்கள் மட்டும் அசையவில்லை. போகப் போக முன்கை வற்றி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கின. மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரியும். நிமிர்த்தினால் தானாக மடங்கிக்கொள்ளும்.

இருளாயிக்குத் தம்பி முறையான காசிமாயன் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தான். டாக்டருக்குப் படிக்கிறவர்களின் பரீட்சைக்கு இப்படிப்பட்ட கைகள் தேவைப்படும் என்று 1977 ஏப்ரலில் சொல்லி அனுப்பினான். வெளியூரிலிருந்து பெரிய டாக்டர்களும் வருவார்களாம். அத்தனை பேர் தொட்டுப் பார்க்கிற கையை ஒருவராவது சரியாக்காமலா விடுவார் என்று முத்திருளன் நம்பினார். வருஷம் தவறாமல் மகளோடு ஆஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையத்தில் வந்து இறங்கினார்.

"மாயக்காளு இல்லாட்டி இங்க ஒருத்தனும் டாக்டராக முடியாது, மச்சான்" என்பான் காசிமாயன். அவளும் சிரிப்பாள்.

கட்டிலில் அவள் உட்கார்ந்திருக்க, மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து தகப்பனிடம்தான் கேட்பார்கள். எப்படி விழுந்தாள், யார் கட்டினார், வலித்ததா, விரல் மரத்ததா, கட்டைத் தளர்த்தினீர்களா. முதல் வருஷம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அடுத்த வருஷம் கடைசிக் கேள்விக்கு மட்டும் மகளைப் பார்க்காமல் பதில் சொன்னார். மகள் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வருஷம் ஒரு மாணவி, மாயக்காளைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பாள், கட்டுப் போட்ட அன்று வலித்ததா என்று கேட்டாள்.

"அப்படியொண்ணும் வலி இல்லைங்க" என்றார் முத்திருளன்.

படித்ததோடு அது பொருந்தாமல் அந்தப் பெண் குழம்பிவிட்டாள். எழுதியதை அடித்தாள், மறுபடி எழுதினாள். பரீட்சை நடத்தும் டாக்டர் அதற்குள் கட்டிலருகே வந்துவிட்டார். மாயக்காளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"வலிச்சுச்சுக்கா. மூணு நாளு அழுதேன். ஆத்தா அறுக்கப் போச்சு, அய்யாதான் விடலை."

குரலில் கோபமே இல்லை. முத்திருளன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டு டாக்டரிடம் கேட்டார்.

"உள்ளதெல்லாம் சொல்லியாச்சுங்க. எப்ப சரி பண்ணுவீங்க?"

டாக்டர் அவளுடைய விரல்களைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "அன்னைக்கே கட்டை அவுத்திருந்தா கை பிழைச்சிருக்கும், பெரியவரே. செத்த சதை திரும்பி வராது. ஆபரேஷன் பண்ணா விரல் கொஞ்சம் நிமிரும். பிடிமானம் வராது."

பிறகு மாணவியின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் இப்போது தடுமாறாமல் பதில் சொன்னாள்.

மணி அடித்தது. அடுத்த மாணவன் வந்து, வணக்கம் சொல்லி, மாயக்காளின் கையைத் தூக்கிப் பார்த்தான். எப்படி விழுந்தாள் என்று கேட்டான். யார் கட்டினார் என்று கேட்டான்.

"கட்டுன அன்னைக்கு வலிச்சுதா?"

"வலிச்சுச்சுங்க."

"தளர்த்துனீங்களா?"

மாயக்காள் மணிக்கட்டைத் தொங்கவிட்டு, யாரும் கேட்காமலேயே விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றார் முத்திருளன். கட்டிலை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஆறு மாணவர்கள் காத்திருந்தார்கள்.