அந்தி முணுமுணுப்பு

செஞ்சியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த நேமிராஜ் நயினாரின் மனைவி ஜீவரத்தினத்துக்கு வாய் ஓயவே ஓயாது. ஆள் வேண்டும் என்றில்லை. கன்றுக்குட்டியோடு பேசுவாள், புடைக்கும்போது வந்து நிற்கும் குருவியோடு பேசுவாள், வேகாத பருப்பைக்கூட நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். பிள்ளை இல்லாத வீடு என்று ஊரார் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் தொழுவத்தில் நின்று கன்றுக்குட்டியை வெளுத்து வாங்கிக்கொண்டிருப்பாள்.

1963ஆம் வருஷம் மாசி மாதம், கோட்டைச் சுவரில் ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் பொந்தில் இருந்த கிளிக்குஞ்சும் கூடவே விழுந்தது. நயினார் நிலத்தில் வேலை செய்யும் பச்சமுத்து அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினான்.

"உங்க வூட்ல இருந்தாத்தாம்மா இது உசுரு நிக்கும்."

நேமிராஜ் எட்டிப் பார்த்தார். "ரெக்க பலப்படற வரைக்குந்தான். அப்புறம் தொறந்து வுட்டுடணும். ஒரு ஜீவன அடைச்சி வெக்கிறது பாவம்" என்றார். ஜீவரத்தினம் தலையாட்டினாள். ஆனால் அந்தக் குஞ்சு அவள் விரலைப் பிடித்துக்கொண்ட நிமிஷமே அவள் மனசு அதன் பக்கம் போய்விட்டது.

முதல் ஐந்து நாள் கிளி மூச்சு விடவில்லை. மூங்கில் கூடையின் மூலையில் ஒட்டிக்கொண்டு, ஊட்டினால் விழுங்கியது, அவ்வளவுதான். ஆறாம் நாள் அந்தியில் ஆரம்பித்தது. உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, கண்ணை அரைவாசி மூடி, அலகை நறநறவென்று அரைத்தபடி வாய்க்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு. விளக்கு வைத்த பிறகும் விடவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அந்த வீட்டில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். இருட்டில் சாப்பிட்டால் தெரியாமல் பூச்சி புழு செத்துப்போகும் என்று சமணர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நோன்பு அது. வீட்டார் கை கழுவுவதற்குள் கிளிக்கும் கடைசி வாய் ஊட்டிவிடுவாள். அதற்குமேல் விடியும்வரை ஒரு பருக்கை கிடையாது. அதனால் அந்த முணுமுணுப்பைக் கேட்கக் கேட்க அவளுக்கு அது பசி முனகலாகவே பட்டது.

"ஏங்க, இது பசியில முனகுது. நாம வாயக் கட்டினா நமக்குப் புண்ணியம். இதோட வாயயும் கட்டினா பாவந்தானே வரும்?"

மண்டியில் யாருக்கும் மடங்காத நேமிராஜ் இதற்கு மடங்கிப்போனார். நோன்பை மட்டும் விடவில்லை. "இருட்டுனப்புறம் இந்த வூட்ல யார் வாயிலயும் ஆகாரம் போவக் கூடாது, ரத்தினம். மனுசனானாலும் சரி, கிளியானாலும் சரி. ராத்திரி சாப்புடற வூடா பாத்துக் குடுத்துடு."

மறுநாள் அவளே கூடையைச் சுமந்துகொண்டு போய், பச்சமுத்துவின் மனைவி அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தாள். கடலைப்பருப்பை எப்படி ஊற வைப்பது, எப்படி மசிப்பது என்று பத்துத் தடவை சொன்னாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு திரும்பினாள். கன்றுக்குட்டிக்கு அன்று திட்டு விழவில்லை.

நான்காம் நாள் அம்மாக்கண்ணு மல்லாட்டை உடைக்க வந்தாள்.

"கிளி இன்னா பண்ணுது?"

"கம்முனு இருக்குதும்மா. சத்தமே கெடையாது."

"பாத்தியா! வயிறு ரொம்புது, அதான் முனகல" என்று ஜீவரத்தினம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ராத்திரி எவ்ளோ திங்குது?"

"ராத்திரியா? சிம்னி விளக்க வெச்சிக்கினு தெனமும் ஊட்டிப் பாக்கறேன். மூஞ்சியத் திருப்பிக்குது. பகல்ல திங்கறதோட சரி."

ஜீவரத்தினத்தின் கையில் இருந்த முறம் அப்படியே நின்றது. ராத்திரி கொடுத்தும் தொடவில்லை என்றால் அது பசியே இல்லை. இங்கே வந்த முதல் ஐந்து நாளும் இப்படித்தானே வாயடைத்துக் கிடந்தது! பயந்த கிளிதான் சும்மா இருக்கிறது. பயம் தெளிந்து, வயிறு நிறைந்து, இது நம் வீடு என்று தோன்றிய பிறகுதான் அது வாயைத் திறந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்த ஜீவனைப் பட்டினி என்று நினைத்து, தன் கையாலேயே தூக்கி வேற்று வீட்டில் விட்டுவிட்டாள். "அடி கூறு கெட்டவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று வெயில் தாழ அம்மாக்கண்ணுவின் வீட்டுக்குப் போய்க் கூடையின் முன்னால் உட்கார்ந்தாள். மறுபடியும் பயந்துவிடுமோ என்று பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள்: பேசாமல் இருந்தாள். கிளி ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. மூலையிலிருந்து ஓரடி நகர்ந்தது, இன்னும் ஓரடி. மலைக்குப் பின்னால் சிவப்பு மங்கிக்கொண்டிருக்கும்போது உடம்பை உப்பிக்கொண்டது. ஒரு கால் உள்ளே போயிற்று. முணுமுணுப்பு ஆரம்பித்தது.

இத்தனை நாள் அவள் அதைப் பசி என்று நினைத்து மனம் நொந்தாளே தவிர, காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். அந்த முணுமுணுப்புக்குள் ஒரு சத்தம் இல்லை, பல சத்தங்கள். முறத்தில் அரிசி சரசரத்தது. நேமிராஜ் தொண்டையைச் செருமினார். கன்றுக்குட்டியைத் திட்டும் அவள் குரலின் ஏற்ற இறக்கம், வார்த்தை இல்லாமல் வந்துபோயிற்று. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கட்டைவிரல் பருமன் இல்லாத தொண்டை, அதற்குள் எப்படி ஒரு முழு வீடு அடங்கியது? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவள் அறியாமலே கைகள் குவிந்தன.

பிறகு கிறீச், கிறீச் என்று ஒரு இழுவை. அம்மாக்கண்ணு அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா அது, கெணத்து ராட்டினம் மாரி?"

ஜீவரத்தினம் ஆமாம் என்று தலையசைத்தாள். அவள் வீட்டுக் கிணற்று ராட்டினமேதான்.

"எங்க வூட்ல ஏதும்மா கெணறு? நாங்க ஏரித்தண்ணிதானே மொண்டாறோம்" என்றாள் அம்மாக்கண்ணு, குரலைத் தாழ்த்தி. "இது இன்னும் இங்க வரவே இல்லம்மா. உங்க வூட்லயேதான் இருக்குது. எடுத்துக்கினு போங்க."

கிளி இன்னும் முணுமுணுப்பின் நடுவில் இருந்தது. ஜீவரத்தினத்துக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அம்மாக்கண்ணுவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராட்டினம் நின்று, முறம் நின்று, கிளி முதுகுக்குள் தலையைச் செருகித் தூங்கும்வரை இருவரும் விளக்குக்கூட ஏற்றவில்லை. அதன்பிறகுதான் ஜீவரத்தினம் கூடையை அலுங்காமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.