புளியில் கரைந்த பெயர்

வீட்டிலிருக்கும் பழைய ராணுவ வாளைப் பரிசோதிக்க வந்தவர், அலகின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, “இங்க ஒரு பேரு இருந்திருக்கு சார். யாரோ புளி கிளி போட்டுத் தேய்ச்சிட்டாங்க போல” என்றதுமே ஆழ்வார்பேட்டை வீட்டுக் கிணற்றடியின் புளித்த வாடை எனக்கு வந்துவிட்டது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், குத்துவிளக்குகளைத் தேய்த்த கையோடு, போருக்குப் போய்த் திரும்பாத சித்தப்பாவின் வாளையும் மடியில் கிடத்தி, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, கரகரவென்று சித்தி தேய்த்துக்கொண்டிருப்பாள். “எண்ணெய் தடவினா போதும்மா. புளி பட்டா அவன் பேரு அழிஞ்சிடும்” என்பார் அப்பா.

ஒருமுறை சித்தி நிமிராமலே, “அழியட்டும் மாமா. ஆளை விட்டுட்டுப் பேரை மட்டும் அனுப்பினாங்களே” என்றாள்.

எழுத்து முழுக்கப் போன பிறகும் அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.