டோக்கன் நேரம் தவறிய மாங்காய் லோடு

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஜூன் மாதக் கடைசி, மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். புத்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில், விவசாயிகளிடம் காய் வாங்கும் பிரிவில் நான் வேலை செய்கிறேன். வீடு திருப்பதியில். காலையில் ரயிலில் புத்தூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலைக்குப் போவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். இந்த ரயில் பயணத்தில்தான் எனக்கு ஒரு புத்தகப் பைத்தியம் பிடித்தது.

கதை, கவிதை எல்லாம் இல்லை. பெரிய கம்பெனிகள் எப்படி வளர்ந்தன, யார் எந்த யோசனையால் ஒரு தொழிலையே தலைகீழாக மாற்றினார்கள் என்று சொல்லும் புத்தகங்கள். கார் ஷெட்டில் ஆரம்பித்தவர்கள், காலேஜைப் பாதியில் விட்டவர்கள், எல்லோரும் சிரித்த யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டு ஜெயித்தவர்கள் என்று ஒருவரையும் நான் விட்டு வைக்கவில்லை. திருப்பதி பழைய புத்தகக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே அந்த அடுக்கைத் தனியாக எடுத்து வைப்பார். என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "நீ படிச்சிக்கினே இரு. நமக்கு கார் ஷெட் இல்லியே, மொட்டை மாடி தண்ணித் தொட்டி கீழதான் உன் கம்பெனியை ஆரம்பிக்கணும்" என்பார். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஒருநாள் வரும் என்ற எண்ணம் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் அதற்கான வாய்ப்பு வாசலிலேயே இருந்தது. சீசன் வந்தால் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை வரிசையில் நிற்கும். சில நேரம் இரண்டு நாள்கூடக் காத்திருப்பார்கள். டிராக்டருக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள், அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். வெயிலில் காய் சூடேறிவிடும். வருடா வருடம் இதே கதைதான். எங்கள் மேனேஜரும் வருடா வருடம் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு புத்தகத்தில், வாடிக்கையாளர்களை வரிசையில் நிற்கவிடாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்தே வளர்ந்த ஒரு கம்பெனியைப் பற்றிப் படித்தேன். அன்றைக்கு ரயில் ரேணிகுண்டா தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. நாமும் ஏன் செய்யக் கூடாது? ஒவ்வொரு விவசாயிக்கும் போனில் ஒரு டோக்கன். அதில் நாள் இருக்கும், நேரம் இருக்கும். அந்த நேரத்துக்கு வந்தால் நேராக எடைமேடைக்குப் போகலாம். நேரம் தவறினால் புதிதாக டோக்கன் போட வேண்டும். மேனேஜரிடம் படம் போட்டுக் காட்டினேன். அவர் உடனே சரி என்றார். மே மாதம் முழுக்க உட்கார்ந்து விவசாயிகளின் பட்டியலைத் தயார் செய்தோம்.

டோக்கன் ஆரம்பித்த முதல் வாரமே ரோடு காலி. அந்த வெறும் ரோட்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். கேட்டில் சத்தம் கேட்கிறதே என்று போனேன். ஒரு டிராக்டர் நிறைய காய், மேலே தார்ப்பாய். டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த ஒரு பெண் இறங்கி நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவருடைய டோக்கன் முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. போனைப் பார்த்தேன். அடுத்து காலியாக இருந்த நேரம் திங்கட்கிழமைதான்.

"ஏம்மா, நேத்து காலையில வர வேண்டிய லோடு. இன்னிக்கு மூணு மணிக்குக் கொண்டாந்தா எப்படி?" என்று கேட்டேன். கேட்ட தொனி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கொஞ்சம் டீச்சர் தொனி.

அவர் கெஞ்சவில்லை. "டோக்கன்ல பத்து மணின்னு கீது மேடம். அதைப் பார்த்துட்டு காயி தானா மரத்துலேர்ந்து எறங்கி டிராக்டர்ல ஏறி குந்திக்குமா?" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் நாளை எல்லோரும் கேட்பார்கள், முறையே குலைந்துவிடும் என்று சொன்னேன். நான் படித்த புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஆரம்பத்தில் எதிர்ப்பு வரும், தலைவர் அசையக் கூடாது. நான் அசையவில்லை.

அவர் ஒன்று மட்டும் சொன்னார். காய் பறித்த தோப்பை அந்த வருடம்தான் முதல் முறையாகத் தன் பேரில் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராம். பொம்பளையை நம்பித் தோப்பை விடுவதா என்று அவர் கொழுந்தனாரே தோப்புக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "இந்த லோடு திரும்பிப் போச்சுன்னா அடுத்த வருசம் தோப்பு எனக்கு இல்லை. நான் இங்கியே நிக்கிறேன். நீங்க எப்ப உடறீங்களோ அப்ப உடுங்க" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரம் ஒரு புங்க மரத்தடியில் டிராக்டரை நிறுத்தச் சொன்னார். நான் வேலை முடிந்து ஐந்தரை மணி ஆட்டோவில் அந்த மரத்தைத் தாண்டித்தான் போனேன். அந்தப் பக்கம் பார்க்காமல் போனேன்.

மறுநாள் காலை வந்தபோது டிராக்டர் அங்கேயே நின்றது. டிரெய்லரின் பின்பலகை இடுக்கில் மஞ்சளாகச் சாறு ஒழுகி மண்ணில் பிசுபிசுவென்று இருந்தது. அதைச் சுற்றி ஈ. அவர் தார்ப்பாயை விலக்கிவிட்டு, மேலே இருந்த காய்களைக் கையால் எடுத்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார், அடியில் இருப்பதற்குக் கொஞ்சம் காற்றுப் போகட்டும் என்று. என்னைப் பார்த்ததும் வணக்கம்கூட வைத்தார்.

உள்ளே போனால் மேனேஜர் வாசலிலேயே நிற்கிறார். "ஏமம்மா, காயலு எக்கட?" என்றார். காய் எங்கே என்று கேட்கிறார். பாய்லர் போட்டாயிற்று, ஆட்கள் வந்தாயிற்று, கூழ் பிழியும் மெஷின் காலியாகச் சும்மா நிற்கிறது. அன்று காலை ஏழு டோக்கன் கொடுத்திருந்தோம். வந்தது இரண்டு லோடு. முந்தின நாள் கணக்கையும் அதற்கு முந்தின நாள் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் போட்டோ எடுத்துப் போட்ட அந்த ரோடு காலியாக இருந்தது, என் டோக்கன் நன்றாக வேலை செய்ததால் இல்லை. காயே வரவில்லை. டோக்கன் நேரம் தவறியவர்கள் கேட்டுக்குக்கூட வராமல், வேறு எங்கேயோ கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் ஒருவர்தான் வந்து நின்றவர்.

மறுபடி கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டியிடம் லோடை உள்ளே விடச் சொன்னேன். டிராக்டர் எடைமேடையில் ஏறும்போது அவரிடம் கேட்டேன், "அக்கா, நேத்து ஏன் லேட்டாச்சு?" முந்தின நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போது நான் கேட்டது "எப்படி வரலாம்" என்று. ஏன் என்று கேட்கவே இல்லை.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நாலு ஊருக்கும் காய் பறிக்கிற ஆளுங்க ஒரே செட்டு மேடம். பள்ளிப்பட்டு பக்கத்துலேர்ந்து மேஸ்திரி பன்னெண்டு பேரைக் கூட்டிக்கினு வருவாரு. போன வருசம் கடைசியா எந்தத் தோப்புல பறிச்சாங்களோ, இந்த வருசம் அங்கதான் மொதல்ல எறங்குவாங்க. அப்பால வரிசையா. நடுவுல ஒரு நாள் மழை பேஞ்சா எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப்பூடும். எனக்கு அவசரம், என் தோப்புக்கு மொதல்ல வான்னு கூப்டா, அடுத்த வருசம் நம்ம தோப்பையே தாண்டிப் பூடுவாங்க. திங்கக்கெழமை மழை. எங்க மொறை புதன்கெழமைக்கு வந்துச்சு. மதியானம் பறிச்சி முடிச்சோம், நேரா வந்தோம். நீங்க டோக்கனை எங்களுக்குக் குடுத்தீங்க. நாளு எங்க கையில இல்லியே, மேஸ்திரி கையில கீது."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் சத்தியவேடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். என் நைனாவுக்கே இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது. "நம்ம மொறை எப்போ?" என்று வீட்டில் பேசாத சீசன் கிடையாது. அந்த முறைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். இதெல்லாம் தெரிந்த நான், மே மாதம் முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டபோது ஒரு தடவைகூட அது நினைவுக்கு வரவில்லை. புத்தகத்தில் இருந்தால்தான் அது தொழில் அறிவு, எங்கள் ஊரில் இருந்தால் அது ஏதோ பழக்கம் என்று என் மூளை தானாகவே பிரித்து வைத்திருக்கிறது. அப்படி ஒரு படித்த முட்டாள்தனம்.

தரம் பார்க்கும் ஆள் வந்து லோடைக் கிளறினார். அடியில் இருந்த காய் நசுங்கிப் புளித்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார். நான் எவ்வளவு பேசியும் அவர் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது, அழுகினது கூழில் சேர்ந்தால் மொத்தமும் போய்விடும். கழித்த காயை அந்த அக்காவே டிரைவரோடு சேர்ந்து வாரி மறுபடி டிரெய்லரில் போட்டார். "மாட்டுக்காவது ஆவும்" என்றார். என் மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். அந்த அக்காதான் கூட்டிப் போனார், அதே டிராக்டரில், அந்தப் புளித்த வாடையோடு. மேஸ்திரி தோப்பில் வேலையாக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நாளைக்கு எந்தத் தோப்புன்னு சாயங்காலம் ஒரு போன் போட்டா சொல்லப்போறேன். இதுக்கா இவ்ளோ பெரிய கம்பெனி?" என்றார். அந்த வாரமே டோக்கனை மாற்றினோம். விவசாயிக்குப் பதிலாகப் பறிக்கும் செட்டுக்கு டோக்கன். எங்கள் பக்கம் ஒன்பது மேஸ்திரிகள். ஒன்பது பேருக்கும் தினமும் போன். மழை வந்தால் எல்லாருடைய டோக்கனும் சேர்ந்து தள்ளிப் போகும். ரோட்டில் நாலைந்து டிராக்டர் மறுபடி நின்றது. ஆனால் எதுவும் அரை நாளுக்கு மேல் நிற்கவில்லை, மெஷினும் நிற்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் எங்கள் நிறுவனம் தன் வளர்ச்சியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டது. வழவழ தாள், கலர் படம். அதில் இரண்டு பக்கம் என்னைப் பற்றி. வரிசையை ஒழித்த புதிய யோசனை, அதை முதல் முயற்சியிலேயே வெற்றியாக்கிய ஊழியர். நடுவில் அந்தக் காலி ரோடு போட்டோ. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் யார் யாரைப் பற்றியோ படித்தவள், இப்போது நானே ஒரு புத்தகத்துக்குள். இரண்டாம் தடவை படித்தபோது நெஞ்சில் ஏதோ முள் மாதிரிக் குத்தியது. அதை எடுத்துக்கொண்டு அந்த அக்காவைத் தேடிப் போனேன்.

அவர் அந்தத் தோப்பில் இல்லை. லோடு ஒரு ராத்திரி ரோட்டில் நின்றது தோப்புக்காரர் காதுக்குப் போயிருக்கிறது. அக்கா அன்று பயந்தது போலவே குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். இவர் நாலு மைல் தள்ளி, பாதி அளவுகூட இல்லாத ஒரு தோப்பை எடுத்திருந்தார். கிணறும் இல்லை. என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். தமிழோ இங்கிலீஷோ படிக்கத் தனக்கு வராது, படித்தது தெலுங்கு ஸ்கூல் என்றார். அந்தப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அந்தப் போட்டோவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா எழுதிக்கிறாங்க. எங்க லோடு இதுல எங்க கீது மேடம்?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தேடினார், அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று தாளைப் புரட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் பதறிப் போய், "விடுங்க மேடம், இந்தத் தோப்பும் நல்லாத்தான் காய்க்குது" என்று என்னைத் தேற்றினார்.

நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் நடந்ததை நடந்தபடி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். இது வெற்றிக் கதைகளுக்கான புத்தகம் அம்மா, நஷ்டத்துக்கு இதில் இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அங்கே இடம் கிடைக்காததால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மாதிரிப் புத்தகங்களை நான் இன்னும் விடவில்லை, புத்தூர் ரயிலில் இன்றைக்கும் கையில் ஒன்று இருக்கும். ஆனால் "புதிய முறை முதல் நாளிலிருந்தே வெற்றி" என்ற வரி எங்கே வந்தாலும் அப்படியே நின்றுவிடுகிறேன். அந்த வெற்றிக்காக எந்த ரோட்டோரம், யாருடைய லோடு ஒழுகிக்கொண்டு நின்றது என்று யோசிக்காமல் என்னால் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடிவதில்லை.