கழிப்பறைச் சாவியில் தொங்கிய வாத்து

என் பெரியப்பாவுக்குத் தொழில் சாவி வெட்டுவது. குணமும் அதுதான். எதற்கும் மாற்று ஒன்று கையில் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மூக்குக்கண்ணாடி இரண்டு, குடை இரண்டு, ஒரே மாதிரி செருப்பு இரண்டு ஜோடி. "பொண்டாட்டி மட்டும் ஏன் ஒண்ணோட நிறுத்திட்டீங்க?" என்று யாராவது கேட்டால் பெரியம்மா சமையலறையிலிருந்தே பதில் சொல்வாள்: "இந்தப் பூட்டுக்கு டூப்ளிகேட் விழாதுன்னு அவருக்குத் தெரியும்."

பெரியப்பா பேசும் இடங்களை மூக்கைப் பாதி அடைத்துக்கொண்டு படிக்கவும். எதைச் சொன்னாலும் "அதாவது" என்றுதான் ஆரம்பிப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட "அதாவது, பிடிச்சிருக்கு" என்றாராம்.

அவர் மகள், எனக்கு அக்கா, கட்டடக்கலை கடைசி வருஷம். ஒரு நூலகத்துக்கான வரைபடங்களை வருஷம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தாள். அது ஓடினாலே "க்ர்ர்ர்... ட்டக்" என்று, சளி பிடித்த தவளை போலச் சத்தம் போடும். அதைக் கேட்டுப் பெரியப்பா களத்தில் இறங்கினார்.

"அதாவது, ஒத்தைச் சாவியோட ஊர் சுத்துறவன் உருப்பட்டதில்ல. நீ வரையிறதப் பாரு. பேக்கப் என் டிபார்ட்மெண்ட்."

விட்டது தொல்லை என்று அக்காவும் விட்டுவிட்டாள்.

கடையிலிருந்து வந்ததும் தினமும் ஒரு பென் டிரைவைச் செருகுவார். கம்ப்யூட்டர் முகப்பில் அக்காவின் வரைபடங்களுக்கென்று, மூலையில் குட்டி அம்புக்குறி போட்ட ஒரு படம் இருக்கும். அதைப் பிடித்து இழுத்துப் பென் டிரைவில் போடுவார். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். பூட்டில் போட்டுப் பார்க்காமல் எந்தச் சாவியையும் கொடுக்காத மனுஷர் ஆயிற்றே. உடனே பென் டிரைவுக்குள் போய் அதைத் தட்டுவார். வரைபடங்கள் விரியும்.

"அதாவது, பாத்தியா? எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கிட்டுத் திறக்குது!"

இப்படி எடுத்த பென் டிரைவ்களில் ஒன்று அவர் டிபன் பாக்ஸில், ஒன்று கடையில், ஒன்று ஷூவுக்குள். மாடியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைத் தட்டில்கூட ஒன்று இருந்தது. "அதாவது, திருடன் முட்டையத் தொடமாட்டான்" என்பது அவர் கணக்கு.

பெரியம்மாவுக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. அவளுக்குப் பார்சல் ஆபீசில் எடை போடும் வேலை.

"ஏங்க, ஒரு வருஷத்து வேலை கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள உள்ள போயிடுமா?"

"அதாவது, சாவி என்ன கதவு அளவுக்கா கனமா இருக்கும்?"

"கனமே இல்லாத பார்சல் எங்ககிட்ட வந்தா, அனுப்புறவனைக் கூப்பிட்டு, உள்ள எதையாவது போட மறந்துட்டியாய்யான்னு கேப்போம்."

கேட்டதோடு விடவில்லை. ஒரு விடுமுறை நாளில் தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். போன் படங்களைச் சேர்த்துவைக்க அக்கா சொல்லிக்கொடுத்திருந்தபடி, அம்புக்குறியைத் தொடாமல் உள்ளே போய், வரைபடங்கள் இருந்த ஃபோல்டரையே பிடித்து இழுத்தாள். அவளிடம் இருந்தது மஞ்சள் ரப்பர் வாத்து வடிவப் பென் டிரைவ், ஆபீசில் கொடுத்தது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அரை மணி நேரம் ஊர்ந்தது. பெரியப்பா நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அதாவது, இந்த வாத்து மக்கர். கடைசியா வந்தவன்கூடப் பரிசு வாங்கிட்டுப் போயிட்டான், இது இன்னும் ஓடுது."

முடிந்ததும் செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் அதை உருவினார். ஆனால் எதையும் தூக்கிப்போடும் ஆள் இல்லை. அவர் கடை வரிசைக்கெல்லாம் பொதுவாக ஒரே கழிப்பறை. அதன் சாவியை யாராவது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பெரியப்பா வாத்தின் கழுத்தில் கம்பி சுற்றி அந்தச் சாவியோடு கட்டினார். "அதாவது, இனிமே எவன் பாக்கெட்டுக்குள்ள போகுதுன்னு பாக்குறேன்!"

அதற்கடுத்த வாரம், சனிக்கிழமை காலை, தவளை "ட்டக்... ட்டக்..." என்று இரண்டு முறை சொல்லி வாயை மூடியது. அக்கா திங்கட்கிழமை வரைபடங்களைக் கல்லூரியில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அந்த வருஷம் போச்சு.

தூக்கிக்கொண்டு ஓடினோம். ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் குரலில், "சார்... டிஸ்க் போயிடுச்சு சார். உள்ள இருந்த எதுவும் இல்ல" என்றார். அக்கா முகம் வெளுத்தது. பெரியப்பா சிரித்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா சிரிப்பாரே, அப்படி. டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"அதாவது, எந்தக் காப்பி வேணும்?"

ரிப்பேர்க்காரர் தன் கம்ப்யூட்டரில் செருகித் தட்டினார். திறக்கவில்லை. ஷூவில் இருந்ததும் திறக்கவில்லை. முட்டைத் தட்டில் இருந்ததை நான் வீட்டுக்கு ஓடி எடுத்துவந்தேன். சில்லென்று இருந்தது, அதுவும் திறக்கவில்லை.

"சார், இது பைல் இல்ல. பைல் இருக்கிற எடத்துக்கு வழி, அவ்ளோதான்."

"அதாவது, தினமும் திறந்து பாத்தேனே?"

"அந்த வீட்டுக்குள்ளயே நின்னு திறந்தீங்க சார். இப்ப வீடே இல்ல."

பெரியப்பா கொஞ்ச நேரம் அம்புக்குறியையே பார்த்தார். "சாவியத்தான் வெட்டி வெட்டி வெச்சிருக்கேனா?" என்றார். "அதாவது" இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நாளன்னிக்கு எதப்பா கொண்டுபோய்க் காட்டுவேன்?" என்று அக்கா கேட்டாள். பெரியம்மா சட்டென்று எழுந்தாள்.

"ஏங்க, அந்த வாத்து எங்க?"

சாவிக்கடைக்கு ஓடினோம். கழிப்பறைச் சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது. கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பெரியப்பா படபடவென்று தட்டினார்.

"யாருப்பா உள்ள?"

"நான்தாண்ணே." பக்கத்துக் கடை முடிதிருத்துபவர். "இப்பத்தான் வந்தேன்!"

"நீ மெதுவா வா. வாத்தை மட்டும் கதவுக்கு அடியில தள்ளு."

"சாவியும் அதோடதானே இருக்கு? வெளிய பூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா?"

"எங்கிட்ட டூப்ளிகேட் இருக்குப்பா!"

"ஐயோ, அதைச் சொல்லாதீங்கண்ணே, அதான் இன்னும் பயமா இருக்கு!"

அக்கா கதவில் வாயை வைத்துக் கத்தினாள். "அண்ணா! என் லைப்ரரி முழுக்க அந்த வாத்துக்குள்ளதான் இருக்குண்ணா!"

"இதுக்குள்ளயா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். கதவுக்கு அடியில் மஞ்சள் அலகு எட்டிப்பார்த்தது.

"ஈரமா இருக்கேப்பா!"

"கை கழுவினேண்ணே! சத்தியமா தண்ணிதான்!"

பெரியம்மா கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தாள். கம்பியை அவிழ்க்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை, அப்படியே ரிப்பேர் கடைக்குத் திரும்பி ஓடினோம். கதையைக் கேட்ட ரிப்பேர்க்காரர் அதை இரண்டே விரலால் வாங்கிச் செருகினார். கம்ப்யூட்டரிலிருந்து வாத்து தொங்க, வாத்திலிருந்து கழிப்பறைச் சாவி ஆட, திரையில் நூலகம் எழும்பியது. பெரியம்மா எடுத்த நாள்வரைக்கும் எல்லாம் இருந்தது. அதற்கப்புறம் வரைந்த மாடிப்படிதான் இல்லை.

"மாடி இருக்கு, ஏறத்தான் படி இல்ல" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பரவால்ல, திங்கக்கிழமைக்குள்ள வரைஞ்சுடுவேன்."

"நில்லு" என்றார் பெரியப்பா. "மொதல்ல இன்னொண்ணு எடுக்கணும்." பெரியம்மா பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார். "அதாவது... நீ எப்படி எடுத்தேன்னு காட்டேன்."

"உக்காருங்க. அரை மணி ஆகும். சுத்தி வரக் கூடாது."

உட்கார்ந்தார். பச்சைக் கோடு ஊர்ந்தது. ரிப்பேர் கடை வாசலில் முடிதிருத்துபவர் வந்து நின்றார்.

"அண்ணே, அந்தச் சாவி... தையல்கார அம்மா அவசரமாக் கேக்குறாங்க."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பெரியப்பா சட்டைப்பைக்குள் கைவிட்டு டூப்ளிகேட்டை எடுத்து நீட்டினார்.

"சத்தம் போடாதப்பா. கனம் ஏறிட்டிருக்கு."