ஆடும் பொம்மையும் நான்கு திருகாணிகளும்

சிம்பாங் அம்பாட் பஸ் கண்டக்டர்தான் செய்தி கொண்டுவந்தார். பாச்சாங்கில் நான் வேலை பார்க்கும் ரேடியோ கடை வாசலில் இறங்கி, "தம்பி, உங்க தோட்டத்து வயர்மேன் பெருமாள் அண்ணன் காலையில போயிட்டாரு லா" என்றார். அண்ணன் பழுது பார்க்கத் தந்த பொம்மை விளக்கு அந்நேரம் என் மேசையில் ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்த விளக்குகளை அறியாதவர் நம் ரப்பர் தோட்டத்தில் உண்டா? ஹவாய்த் தீவுப் பெண், புல் பாவாடை, தலைக்குமேல் பல்பு. சுவிட்சைப் போட்டால் அடியிலுள்ள மோட்டார் அவள் இடுப்பை ஆட்டும். சீமைக்குத் திரும்பும் துரைமார் விற்றுவிட்டுப் போனவை, சிங்கப்பூர் நகல்கள் என்று அண்ணன் பதினொன்று சேர்த்திருந்தார். அசலுக்கு இடுப்பு இரு பக்கமும் போகும். நகல் ஒரு பக்கம்தான் வெட்டும். "அசலோ நகலோ, கரண்டு குடுத்தா ஆடுதுல்ல? அது போதும் லா" என்பார்.

ஆயுத பூசையன்று இன்ஜின் கொட்டகையில் ஸ்பேனர்களோடு பொம்மைகளுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். "என்னப்பா, அரைகுறைத் துணியோட..." என்று கோயில் தலைவர் ஒருமுறை இழுத்தார். "அவளுக்குப் பாவாடைதான் குட்டை. உங்களுக்கு நாக்கு நீளம், தலைவரே!" தலைவர் சுண்டலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பிறகு, காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் வந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடுமாம். வெளியே போகும் எதையும் கேட்டில் சோதித்தார்கள். அண்ணன் என்னிடம் கொண்டுவந்த விளக்கின் அடிப்பாகம் பொள்ளலாக இருக்கவே, காவலாள் துப்பாக்கிக் கட்டையால் அதை உடைத்தான். உள்ளே மோட்டார்தான் இருந்தது. பாவி, ஒரு வார்த்தை வருத்தம் சொன்னானா?

அன்றிலிருந்து அண்ணனின் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். வாரம் தவறாமல், பழுதே இல்லாத விளக்கைக்கூடக் கேட்டுக்குத் தூக்கி வருவார். குந்தி உட்கார்ந்து, நான்கு திருகாணிகளையும் கழற்றிக் காட்டி, நிதானமாகத் திரும்ப மாட்டுவார். பின்னால் வரிசை திட்டும்.

"வீம்புக்குச் செய்றீங்கண்ணே" என்றேன்.

"ஆமா, வீம்புதான். சோதிக்கிறது அவன் வேலைன்னா, ஒடைய விடாமப் பாத்துக்கிறது என் வேலை."

இழவு வீட்டுக்கு விளக்கோடு போனேன். வாய்க்கரிசியைக்கூட வேலிக்குள்ளேயே போட்டு முடித்தோம். ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாதாம். அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா, "அத முன்னால தூக்கிட்டுப் போ தம்பி. அதுவும் அவருகூட வரட்டும்" என்றார்.

கேட்டில் காவலாள் அடிப்பாகத்தைத் தட்டினான். "உள்ள என்னா? ஒடச்சுக் காட்டு."

பெண்களோடு கேட்டுவரை வந்திருந்த அக்கா மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். அண்ணனின் ஸ்க்ரூடிரைவர். பாடை நின்றது. நான் குந்தி உட்கார்ந்து நான்கையும் கழற்றினேன். இந்த முறை வரிசையில் ஒருவரும் திட்டவில்லை. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போ போ" என்றான். நான் எழுந்திருக்கவில்லை. நான்கையும் மாட்டி முடுக்கிய பிறகே எழுந்தேன்.

விளக்கை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு விளக்கைக் கேட் வழியாக எடுத்துவரப் போகிறேன். அதில் ஒரு பழுதும் இல்லை.