சட்டை நுனியில் கண்ணாடி துடைக்கிறவர்

பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள், வீட்டுக்கு வந்து காதல் நாவல் எழுதுகிறாள் என்றால் சும்மா விடுவார்களா? அதுவும் நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள். "இவ்வளவு காதல் எழுதுறீங்க, உங்களுக்குன்னு ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. கொலைக் கதை எழுதுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். ஜன்னலோரம் ஒரு மேஜை, அடுப்பை அணைத்துவிட்டுப் பாதிச் சமையலில் ஓடிப்போய் ஒரு வரி எழுதினாலும் ஏனென்று கேட்க ஆளில்லாத வீடு. அவளுக்கு அது போதும். போதும் என்பதைத்தான் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை.

நம்பாதவர்களில் முதல் ஆள் தங்கை. அக்கா மேல் உயிரையே வைத்திருக்கிறவள், தொல்லையே அதனால்தான். அக்காவின் புது நாவலை ஒரே மூச்சில் படித்துக்கொண்டு வந்தவள், கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் துடைக்கிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஆளைப் பார்த்திருக்கிறோமே! அக்கா கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அவரும் தனி ஆள். அப்புறம் கேட்க வேண்டுமா? அக்கா விடுப்பெடுத்த நாளாகப் பார்த்து, புருஷனையும் இழுத்துக்கொண்டு கடைக்கே போய்ச் சம்பந்தம் பேசிவிட்டு வந்தாள்.

"கோபப்படாதேக்கா. உன் மனசுல இருக்கிறதை நீ சொல்லமாட்டே. அதான் நானே சொல்லிட்டேன்."

"என் மனசுல இருக்கிறது உனக்கு எப்படிடீ தெரியும்?"

"அதான் புத்தகத்துல போட்டிருக்கியே!"

அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் வந்தது. இத்தனை வருஷமாகப் பக்கத்து மேஜையில் இருக்கிறவர். சேர்ந்து டீ குடிப்பார்கள், பேச்சு இல்லாவிட்டாலும் சங்கடம் இருக்காது. 'ஏன் கல்யாணம் பண்ணிக்கலை' என்று ஒருநாளும் கேட்காத ஒரே மனிதர். அந்தச் சிநேகமும் போய்விட்டதா?

மறுநாள் கடையில் அவர் வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றினார். கை சட்டை நுனிக்குப் போய், பாதியில் நின்றது. இழுப்பறையிலிருந்து ஒரு புதுத் துணியை எடுத்துத் துடைத்தார். அவள் பில் புத்தகத்தை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"என் தங்கச்சி பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. உங்ககிட்ட இருந்து அந்தப் பழக்கத்தை மட்டும்தான் எடுத்துக்கிட்டேன். வேற எதுவும் இல்ல."

"தெரியும். நானும் படிச்சேன். அந்த ஆளு வாய் ஓயாமப் பேசுறான், நான் எங்க பேசுறேன்?"

அவளுக்குப் பாதி உயிர் வந்தது. "அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தனியா இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு, உங்க அக்காவுக்கும் அப்படித்தான்னு சொன்னேன். பாவம், நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து வருத்தப்பட்டுட்டுப் போனாங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பினூடே கண் நிறைந்துவிட்டது. யாருக்கும் புரியவைக்க முடியாமல் போனதை, சொல்லாமலே ஒருவர் நம்பியிருக்கிறார்.

"அந்தத் துணியை உள்ள வைங்க. சட்டையிலேயே துடைங்க."

"அடுத்த கதையிலயும் இதைப் போட்டுடுவீங்களா?"

"அதுல வர்றவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அவர் சட்டை நுனியை வெளியே இழுத்துக்கொண்டார்.